அறை முப்பத்திரண்டு என்று எழுதியவர்

எங்கள் சம்பந்தி உள்ளங்கையை நீட்டினால் போதும், தெருமுனையில் நிற்கிறவருக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று புள்ளி வைத்துச் சொல்லிவிடுவார். டாக்டர்கள் தங்கள் தெர்மாமீட்டர்களை அவரிடம் கொண்டுவந்து சரிபார்த்துக்கொண்டு போவார்கள். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். தெருமுனையெல்லாம் இல்லை, தொட்டால்தான் தெரியும். டாக்டர்கள் வரவில்லை, ஒரு கம்பவுண்டர் வந்தார், அவரும் வேறு வேலையாக. ஆனால் சுவரையோ குழாயையோ நெற்றியையோ தொட்டு அவர் சொல்கிற எண் ஒரு டிகிரிக்கு மேல் பிசகி நான் பார்த்ததில்லை. பந்தயம் கட்டி நானே நாலு தடவை தோற்றிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. அவர் கடைசியாக எழுதிய எண்களைப் பார்க்கிறவர்கள், பாவம், கிழவருக்குப் புலன் மங்கிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. முப்பத்தெட்டு வருடம் ஒரு துணி ஆலையில் வேலை, அதில் பெரும்பகுதி பாய்லர் அறையில். ஆலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ‘மீட்டர்’ என்பார்கள். பாய்லர் ஓட்டுகிறவனுக்கு வேலை நெருப்புப் போடுவது இல்லை, பார்ப்பது என்பது அவர் கட்சி. மணிக்கு ஒரு தடவை எழுந்து போய், அழுத்தம் என்ன, தண்ணீர் மட்டம் என்ன, புகைபோக்கியின் சூடு என்ன என்று பார்த்துத் தடித்த நோட்டில் கட்டம் கட்டமாக எழுதவேண்டும். அவருடைய நோட்டுகளில் அடித்துத் திருத்திய இடம் ஒன்றுகூடக் கிடையாது. அடித்துத் திருத்துகிறவன் பார்க்காமல் எழுதியிருக்கிறான் என்று அர்த்தம் என்பார்.

ஒரு நாள் மேனேஜர் பாய்லர் அறைக்கு வந்து நின்றார். மறுநாள் பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார். அனுமதித்த அழுத்தம் பத்து. பாய்லரோ ஒரு மாதமாகப் பன்னிரண்டில் ஓடிக்கொண்டிருந்தது.

“மீட்டர், இந்த மாசத்துக்குப் புதுசா ஒரு நோட்டு போட்டுருங்க. எல்லாம் பத்துன்னு இருக்கட்டும்.”

“முள்ளு பன்னண்டுல நிக்குது சார்.”

“நோட்டப் பத்திதானே பேசுறேன். முள்ளப் பத்தி யாரு பேசுனா?”

“முள்ள இறக்குங்க சார். நோட்டு தானா இறங்கும்.”

இந்தக் கதையை நான் பிறரிடம் சொல்லும்போது இந்த இடத்தில் மேனேஜர் மயங்கி விழுவார். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். உண்மையில் அவர் சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் சம்பந்தியை நிலக்கரிக் குடோனுக்கு மாற்றினார்கள். லாரியிலிருந்து கரி இறங்கும்போது பக்கத்தில் நின்று மூட்டை எண்ணுகிற வேலை. ஆறு வருடம். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். ஒரே பெண் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வேலையை விட வழியில்லை. இரண்டு புள்ளி பொய்யை எழுதாததற்கு ஆறு வருடக் கரித்தூளை உள்ளே இழுத்தார். அது உள்ளேயே தங்கிவிட்டது.

அந்தப் பெண்தான் வளர்ந்து என் மகனைக் கட்டிக்கொண்டாள். மகன் கப்பலில் வேலை பார்க்கிறவன், எட்டு மாதம் தண்ணீரில், நாலு மாதம் தரையில். அதனால் வீட்டில் நானும் அவளும்தான். ஐந்து வருடத்துக்கு முன்னால் சம்பந்தியின் நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னதும், அவளே போய் அவரை அழைத்துவந்தாள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் ஆக்சிஜன் மிஷின். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும், ஒரு சின்ன அலமாரி உயரம் இருக்கும்.

“சம்பந்தியம்மா, உங்க வீட்டுக் காத்தையும் இனிமே நான்தான் உறிஞ்சப்போறேன்,” என்றார் வாசலில் நின்று.

“மிச்சம் வச்சா போதும்,” என்றேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடியில் ஒரு ஹாலும் ஓர் அறையும் சமையலறையும். ஹால் பக்கம் எதிரே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தூள் ஜன்னலை மூடினாலும் கதவிடுக்கில் வந்து படியும். ஒரு விரலால் மேசையில் கோலம் போடலாம். அவருக்கு ஆகாதது அந்தத் தூள்தான். அதனால் உள்ளறையில் படுக்கை. அங்கேயும் ஜன்னலைத் திறக்கக் கூடாது. வீட்டிலேயே கனமான ஒயர் போட்ட ப்ளக் பாயிண்டுகள் அந்த அறையில்தான் இருந்தன. ஆகவே மருமகளின் கம்ப்யூட்டரும் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். ஏசி ஒன்று சுவரில் உண்டு. கம்ப்யூட்டரும் ஏசியும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய் ஆக்சிஜன் மிஷினும் நின்றுவிடும். ஒரு தடவை நின்றது. அதற்குப் பிறகு ஏசியின் ரிமோட்டை எடுத்து மேலே பரணில் போட்டுவிட்டாள்.

அவள் வேலையைச் சொல்லவேண்டும். சினிமாவில் வருகிற பனிமலை, புயல், கடல் இதெல்லாம் நிஜமில்லை, யாரோ கம்ப்யூட்டரில் செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த யாரோக்களில் ஒருத்தி அவள். அவளுக்கு விழுந்தது பனி. மலைச்சரிவில் பனி சரிந்து விழுகிற காட்சி. ஒவ்வொரு படமாக, ஒவ்வொரு துகளாக ஒளி எங்கே பட்டு எங்கே சிதறும் என்று கணக்குப் போட்டு வரைவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கிராஃபிக்ஸ் கார்டு. ஒரு படத்துக்குப் பதினோரு நிமிடம். அப்படி இருபத்து நாலு படம் சேர்ந்தால்தான் திரையில் ஒரு நொடி.

ஸ்டூடியோவில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அதில் வரிசையாக. நாளைக்கு நூற்று நாற்பது படம் முடிக்காதவர்கள் கீழே போய்க் கீழே போய் வெளியே விழுந்துவிடுவார்கள். விழுந்தவர்கள் யாரும் திரும்ப ஏறியதில்லை. அந்தப் பட்டியலில் இருக்கிறவரைக்கும்தான் ஸ்டூடியோவின் மருத்துவக் காப்பீடு. அந்தக் காப்பீட்டில்தான் சம்பந்தியின் ஆக்சிஜன் மிஷின். பதினோரு நிமிடக் கணக்கில் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் நூற்று முப்பதைத் தாண்டாது. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

“அப்பா, கார்டை ஓவர்கிளாக் பண்ணப்போறேன்.”

“அப்படின்னா?”

“கம்பெனி வச்ச வேகத்தைவிடக் கூட்டி ஓட்டுறது.”

சம்பந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பத்துல ஓடவேண்டியத பன்னண்டுல.”

“வெடிக்காதுப்பா. சூடு ஏறும். அதுக்குத்தான் தண்ணி போடப்போறேன்.”

தண்ணீர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் நாலு வருடத்தில் பார்த்ததில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார்கள். கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஒரு செம்புத் தகட்டைப் பொருத்தினாள். அதற்குள் நுண்ணிய வரிகள். தண்ணீர் அவற்றின் வழியாக ஓடிச் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு சின்னப் பம்பு அதைப் பெட்டியின் மேற்புறம் இருக்கிற ரேடியேட்டருக்கு ஏற்றும், அங்கே விசிறிகள் ஊதி ஆற்றும், ஆறிய தண்ணீர் திரும்ப வரும். குழாய் சேர்கிற ஒவ்வொரு இடத்திலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக் கட்டினாள். கார்டுக்கும் போர்டுக்கும் கரண்டே கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓடவிட்டாள். எங்காவது ஒரு சொட்டுக் கசிந்தால் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். கரண்ட் இல்லாததால் எதுவும் எரியாது.

இரண்டாவது மணி நேரத்தில் ஒரு காகிதம் ஈரமானது.

“வாஷர் முறுக்கியிருக்கு,” என்றார் சம்பந்தி படுக்கையிலிருந்து.

“பாக்காமலே சொல்றீங்க.”

“ஈரம் ஒரு பக்கமா வருது பாரு. மரை சரியில்லேன்னா சுத்தி வரும்.”

கழற்றினாள். ரப்பர் வளையம் முறுக்கித்தான் இருந்தது. அவர் ஜெயித்த மனிதர்போல் மூக்குக் குழாயைச் சரி செய்துகொண்டார். பிறகு உள்ளே சிக்கின காற்றை எடுக்க, கைக்குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பதுபோல் பெட்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்துத் தட்டினார்கள்.

வேகத்தைக் கூட்டினதும் அப்படித்தான், அவசரமே இல்லாமல். முதலில் கார்டு இழுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லையைக் கொஞ்சம் உயர்த்தினாள். வோல்டேஜைத் தொடவில்லை, அது கார்டைக் கொல்லுகிற வழி என்றாள். பிறகு வேகத்தைப் பதினைந்து பதினைந்து மெகாஹெர்ட்ஸாகக் கூட்டினாள். ஒவ்வொரு படிக்கும் அரை மணி நேரம் கார்டை முழு மூச்சில் ஓடவிட்டுப் பார்ப்பது, சூட்டைக் குறிப்பது, ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த படி. நூற்று அறுபத்தைந்தில் பனியின் மேல் ரோஜா நிறத்தில் புள்ளிகள் தெளித்தன.

“கார்டு உளற ஆரம்பிச்சிடுச்சு,” என்றாள்.

“ரெண்டு படி இறங்கி நில்லு,” என்றார்.

நூற்று முப்பத்தைந்தில் நிறுத்தினாள். அந்த வேகத்தில் ஒரு முழு நாள் ஓடவிட்டு, ஒரே படத்தை இரண்டு தடவை வரையச் சொல்லி, இரண்டும் துகள் பிசகாமல் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகுதான் ஸ்டூடியோவின் வேலையை அதில் ஏற்றினாள். ஒரு படம் பத்து நிமிடமானது. நாளைக்கு நூற்று நாற்பத்து நாலு. பட்டியலில் அவள் இடம் நின்றது.

சம்பந்திக்கு மறுபடி உத்தியோகம் கிடைத்தது. மூன்று குயர் நோட்டு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டார்: மணி, கார்டு, தண்ணீர், அறை. கார்டின் சூடும் தண்ணீரின் சூடும் பெட்டியின் முகப்பில் இருந்த சின்னத் திரையில் தெரியும். மருமகள் ஹாலில் வைத்து வேலை செய்கிற லேப்டாப்பிலும் தெரியும். அறையின் சூடு மட்டும் எந்தத் திரையிலும் வராது. அதற்கு அவர் தலைமாட்டில் ஆணியில் ஒரு கண்ணாடி தெர்மாமீட்டர் தொங்கியது.

“அம்பத்திரண்டு, முப்பத்தொம்பது, முப்பது,” என்று மணிக்கொரு தடவை வாசிப்பார். யாரும் கேட்கவில்லை என்றாலும் வாசிப்பார். “தண்ணிக்கும் அறைக்கும் ஒம்போது. நேத்தும் ஒம்போது, இன்னைக்கும் ஒம்போது. அறை ஒண்ணு ஏறுனா தண்ணி ஒண்ணு ஏறுது. வேலை சுத்தமா நடக்குது சம்பந்தியம்மா.”

“நான் என்ன இன்ஸ்பெக்டரா? எங்கிட்ட ஏன் சொல்றீங்க?”

“இன்ஸ்பெக்டர் வந்தாலும் இதேதான் சொல்வேன்.”

குளிர்காலம் முழுக்க எல்லோருக்கும் சந்தோஷம். அறை வெதுவெதுப்பாக இருந்தது. நான் கூட முழங்கால் வலிக்கு அந்தப் பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவேன். வெயில் ஏறத் தொடங்கியபோது முதலில் பேசியது அவர்தான்.

“பாப்பா, தண்ணி சூட்டத் தின்னாது. இங்கிருந்து எடுத்து அங்க வைக்கும். எங்க வைக்குது?”

அவள் ரேடியேட்டரின் முன்னால் கையை நீட்டிப் பார்த்தாள். ரேடியேட்டரின் விசிறிகள் அவர் படுக்கைக்கு நாலு அடி தூரத்தில் ஊதிக்கொண்டிருந்தன. கார்டு குளிர்ந்து இருந்தது என்றால் அந்தச் சூடு எல்லாம் அறைக்குள் இருந்தது என்று அர்த்தம். ரேடியேட்டரை மட்டும் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடலாம் என்று யோசித்தாள்; சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடவில்லை, விட்டிருந்தாலும் சிமெண்டுத் தூள் ஒரே வாரத்தில் அதன் வரிகளை அடைத்திருக்கும்.

டாக்டர் வந்து பார்த்தார். சூடு கூடினால் இவருடைய மூச்சு இரட்டிப்பாக உழைக்கவேண்டும், உழைக்க இவரிடம் எதுவும் இல்லை என்றார். “முப்பத்திமூணைத் தாண்டவிடாதீங்க. தாண்டுச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டரை நிறுத்துங்க.”

அப்படித்தான் ஏற்பாடு ஆனது. முப்பத்து மூன்று வந்தால் கார்டைக் கம்பெனி வேகத்துக்கு இறக்குவது. அதற்கும் மேலே போனால் நிறுத்திவிட்டு, அறை ஆறும்வரை காத்திருப்பது. நாலாவது கட்டத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது சம்பந்தி. அந்த வாரம் இரண்டு தடவை “முப்பத்திமூணு” என்று அவர் குரல் கொடுத்தார். இரண்டு தடவையும் அவள் ஹாலிலிருந்தே வேகத்தை இறக்கினாள். அந்த இரண்டு நாளும் நூற்று நாற்பது எட்டவில்லை. பட்டியலில் பதினொன்றாவதாக இருந்தவள் பத்தொன்பதானாள். இருபதுக்குக் கீழே பட்டியல் கிடையாது.

அப்போதுதான் ஸ்டூடியோவிலிருந்து கடைசிப் பனிக்காட்சி வந்தது. ஆயிரத்து இருநூற்று அறுபது படம், ஒன்பது நாள். முடிக்கிறவர்களுக்கு அடுத்த சினிமாவிலும் இடம். அவள் அதை ஹாலில் நின்று சத்தமாகப் படித்துவிட்டு, லேப்டாப்பை மூடினாள். உள்ளறையிலிருந்து சத்தமே இல்லை. அவர் தூங்குகிறார் என்று நான் நினைத்தேன்.

மறுநாள் நான் கண் ஆபரேஷனுக்காக என் அக்கா வீட்டுக்குக் கிளம்பவேண்டியிருந்தது. ஐந்து மணி நேரப் பஸ். போகும்போது அறை வாசலில் நின்றேன்.

“சம்பந்தியம்மா, புதுக் கண்ணு வந்ததும் மொதல்ல கண்ணாடியப் பாத்துராதீங்க. பயந்துருவீங்க.”

“நாலு வருஷமா உங்க மூஞ்சியப் பாத்தவளுக்கு என்ன பயம்.”

சிரித்தார். சிரிப்பதற்கு அவருக்கு இரண்டு மூச்சு செலவானது.

எட்டு நாளும் சாயங்காலம் நான் போன் செய்தேன். “அறை எவ்வளவு?” என்று கேட்பேன், “முப்பத்திரண்டு. நீங்க இல்லாததால குளுகுளுன்னு இருக்கு,” என்பார். மறுநாளும் முப்பத்திரண்டு. அதற்கு மறுநாளும் முப்பத்திரண்டு. அக்கா வீட்டில் நாங்கள் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஓர் ஆள் வெயிலில் சுருண்டு விழுந்தார் என்று எதிர்வீட்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் முப்பத்திரண்டு. ஏழாம் நாள் அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கே நடுவில் நிறுத்தினார். முப்பத்தி. பிறகு மூச்சு. பிறகு ரண்டு. போன் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

ஒன்பதாம் நாள் பிற்பகல் இரண்டரைக்கு வீட்டுப் படி ஏறினேன். கதவைத் திறந்ததும் ஹாலே அடுப்படி மாதிரி இருந்தது. மருமகள் லேப்டாப்பின் முன்னால் இருந்தாள். கன்னத்தில் முடி ஒட்டியிருந்தது.

“வாங்க அத்தை. இன்னும் பதினாலு படம்தான்,” என்றாள், திரும்பாமல்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனேன். என்ன வாயடிக்கலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன்.

அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நோட்டு மடியில், பேனா விரலுக்கிடையில். ஆக்சிஜன் மிஷின் புஸ் புஸ் என்று வேலை செய்துகொண்டிருந்தது. அது அனுப்புகிற காற்றை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மேசைத் திரையில் பனி சரிந்து சரிந்து விழுந்துகொண்டிருந்தது, பார்த்தாலே பல் கிட்டும். பெட்டியின் முகப்பில் கார்டு அறுபத்தொன்று, தண்ணீர் நாற்பத்தெட்டு. கார்டுக்கு அறுபத்தொன்று ஒரு பொருட்டே இல்லை. அது எண்பதுவரை தாங்கும். தண்ணீர் ஒரு சொட்டுக் கசியவில்லை. எல்லாம் பத்திரமாக ஓடிக்கொண்டிருந்தது.

நான் அவர் நெற்றியைத் தொட்டேன். எனக்கு எண் சொல்லத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

“இங்க வாம்மா,” என்றேன்.

டாக்டர் வந்து, நுரையீரல் எப்போது வேண்டுமானாலும் நின்றிருக்கும், இன்றைக்கு நின்றது என்று எழுதிக்கொடுத்தார். சூட்டைப் பற்றி அவர் ஏதும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் வந்தார்கள், படுக்கையை நகர்த்தினார்கள், ஆக்சிஜன் மிஷினை நிறுத்தினார்கள். கம்ப்யூட்டரை நிறுத்தவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் ஐந்துக்கு முன்னால் அது ஆயிரத்து இருநூற்று அறுபதாவது படத்தை முடித்துவிட்டுத் தானாக அடங்கியது. மறுநாள் ஸ்டூடியோவிலிருந்து பட்டியல் வந்தது. அவள் ஒன்பதாவது இடத்தில் இருந்தாள்.

ஆபரேஷன் ஆன கண்ணால் பதினைந்து நாள் எதையும் படிக்கக் கூடாது என்று உத்தரவு. பதினாறாம் நாள் நான் முதலில் எடுத்தது அந்த நோட்டை. ஒவ்வொரு கட்டமும் அச்சடித்ததுபோல், ஓர் அடித்தல் இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளியவள். நெடுவரிசையைப் பார்த்தால் கழிக்காமல் இருக்கமுடியாது. தண்ணீரிலிருந்து அறையைக் கழித்தேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது. குளிர்காலம் முழுக்க ஒன்பது. வெயில் ஏறியபோதும் ஒன்பது. நான் கண் ஆபரேஷனுக்குப் போன நாளில் பதினொன்று. மறுநாள் பன்னிரண்டு. பிறகு பதினாலு. கடைசி நாள் மதியம் இரண்டு மணிக்கு எழுதியது: அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு, முப்பத்திரண்டு. பதினாறு.

அதே கார்டு, அதே பம்பு, அதே வேகம். தண்ணீர் நாற்பத்தெட்டு என்றால் அறை முப்பத்தொன்பது. தொட்டுப் பார்த்தே டிகிரி சொல்கிறவர், தலைக்கு மேல் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்பது நாள், மணிக்கொரு தடவை, முப்பத்திரண்டு என்று எழுதியிருக்கிறார். முப்பத்து மூன்று என்று எழுதியிருந்தால் வேகம் இறங்கியிருக்கும்.

இதில் எனக்கு இன்னும் தாங்காத இடம் ஒன்று உண்டு. கார்டையும் தண்ணீரையும் அவர் உள்ளபடியே எழுதியிருந்தார். அவற்றையும் ஏழு ஏழாகக் குறைத்து எழுதியிருந்தால் என் கழித்தலுக்கு ஒன்றும் சிக்கியிருக்காது. மிஷினைப் பற்றிப் பொய் எழுத அந்தக் கைக்கு வரவில்லை. தன்னைப் பற்றித்தான் எழுத வந்தது. மேனேஜர் கேட்ட இரண்டு புள்ளியைக் கொடுக்காமல் நுரையீரலைக் கொடுத்தவர், யாரும் கேட்காமலே ஏழு டிகிரியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

நோட்டை என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மருமகளுக்கு இது தெரியவே கூடாது என்பது என் எண்ணம். அவள் ஹாலிலேயே கிடந்தாள், ஒன்பது நாளும் சரியாகத் தூங்கவில்லை, அப்பா ஒரு தடவைகூடப் பொய் எழுதாதவர் என்று நம்பினாள். மருந்து கொடுக்க உள்ளே போனபோது சூடு அவளுக்கு உறைத்திருக்கலாம்; ஆனால் வெயில் காலத்தில் எங்கேதான் சூடு இல்லை. அவர் முப்பத்திரண்டு என்றால் அது முப்பத்திரண்டுதான். அப்படித்தான் அவளை அவர் ஏமாற்றினார், அது ஒன்றுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஏமாற்று, மருமகளுக்குத் தெரியாது.

இந்தத் தாள்களில் ‘இரண்டு நாள் உட்கார்ந்து கட்டினார்கள்’ என்ற இடத்தில் பம்பைப் பற்றி நான் தப்பாக எழுதியிருக்கக்கூடும் என்று, அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்தேன். அவர் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மீதிப் பக்கங்கள் என் முழங்கைக்குக் கீழே இருந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, என் முழங்கையைத் தூக்கி, அவற்றையும் உருவி எடுத்துக் கடைசிவரை படித்தாள். பட்டாணித் தோலை ஒன்று சேர்த்து ஓரமாகக் குவித்தாள்.

“பம்பு சரியா இருக்கு அத்தை,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திடுங்க.”

“எது?”

“எனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்கள்ல. தண்ணி எவ்வளவுன்னு என் லேப்டாப்லயும் வந்துட்டேதான் இருந்துச்சு. ஒம்போதைக் கழிக்க எனக்குத் தெரியாதா?”